கூர்க்கா வீட்டுக் களி

எங்கள் வீட்டில் களிக்குத் தடை இருந்தது. தடை போட்டவர் அப்பா. கோயமுத்தூர்ப் பக்கம், எங்கள் ஊர் ராயபுரத்தில் வீட்டை ஒட்டியே இருந்த எங்கள் பனியன் கம்பெனிக்கு மூன்றாவது நிட்டிங் மிசின் வந்து இறங்கிய அன்று, பூசைக்குத் தேங்காய் உடைத்த கை ஈரம் காய்வதற்குள், "இனி இந்த ஊட்டுக்குள்ள ராகி வரப்படாது. மூணு நேரமும் நெல்லுச்சோறுதான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். இளவயதில் அவர் வேறொருவர் கம்பெனியில் வேலை பார்த்தபோது தினமும் தூக்குப்போசியில் களி உருண்டை கொண்டுபோவாராம். பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டவர்கள், "ஜெயிலுக்குப் போகாமயே களி திங்கற ஆளு" என்று சிரிப்பார்களாம். களி செரித்துவிட்டது, அந்தச் சிரிப்புதான் அவருக்குக் கடைசிவரை செரிக்கவில்லை. அம்மாவுக்கோ களி என்றால் உயிர். ஆனாலும் அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அப்பாவின் கோபம் அப்படிப்பட்டது.

அறுபதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, கம்பெனிக் காவலுக்கு ஒரு கூர்க்கா இருந்தார். நேபாளத்துக்காரர். நேபாளம் எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. வடக்கே கையைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். வந்து இரண்டு வருடத்தில் வேலைக்குத் தேவையான தமிழை அவர் கற்றுக்கொண்டிருந்தார். அந்த வருடம் லீவில் ஊருக்குப் போனவர் திரும்பி வரும்போது ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மழைக்காலத்தில் அவர் மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டாளாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லையாம்.

அவர் அவளைக் 'காஞ்சி' என்று கூப்பிட்டார். "காஞ்சிபுரத்துலயா பொறந்துச்சு?" என்று எங்கள் கணக்குப்பிள்ளை கேட்டார். அவர்கள் பாஷையில் கடைக்குட்டிப் பெண்ணை அப்படிக் கூப்பிடுவார்கள் என்று கூர்க்கா விளக்கியும் கணக்குப்பிள்ளைக்குச் சந்தேகம் தீரவில்லை. கம்பெனி கேட்டை ஒட்டிய தகரக் கூரை அறையில் அப்பனும் மகளும் தங்கினார்கள்.

காஞ்சி சாப்பிடவில்லை. அதுதான் பெரிய பிரச்சினை ஆயிற்று. சோற்றைப் பிசைந்து கொடுத்தால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இட்லியை உதிர்த்து எறும்புக்குப் போடுவாள். அம்மா கொள்ளுப் பருப்புக் கடைந்து நெய் ஊற்றிக் கொடுத்தாள். நெய்யை மட்டும் நக்கிவிட்டு வட்டிலைத் தள்ளிவிட்டாள். பத்து நாளில் அவள் கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. கூர்க்கா அப்பாவிடம் வந்து நின்றார். டார்ஜிலிங் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் தன் அக்கா இருக்கிறாள், அவளிடம் குழந்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்றார். சொல்லும்போது தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் போய்வரலாம் என்று அப்பா சொன்னார்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "தாயும் இல்லாம அப்பனும் இல்லாம அந்தப் புள்ளெ என்ன பண்ணும்?" என்று என்னிடம் கேட்டாள். நேராகக் கூர்க்காவிடம் போனாள், நானும் பின்னால் போனேன்.

"ஏனுங்க கூர்க்கா, உங்க ஊர்ல இந்தப் புள்ளெ என்னதானுங்க திங்கும்?"

"டிண்டோ, அம்மா" என்றார் கூர்க்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். டிண்டோ என்றால் என்ன என்று தமிழில் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இல்லாத சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டார். ஒரு கையால் மாவைத் தூவினார். பிறகு தன் தடியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் கிண்டினார். நெற்றியில் வராத வியர்வையைக்கூடத் துடைத்தார்.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. "அட சாமி! இது நம்ம களிங்க!"

சிரித்து முடித்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. தடை ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். கம்பெனிச் சுவரையும் தகரக் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "நம்ம ஊட்டுக்குள்ளதான வரப்படாது? இது உங்க ஊடுங்க" என்றாள். அம்மாவுக்கு இவ்வளவு சட்ட ஞானம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

புதன்கிழமைகளில் அப்பா நூல் வாங்கக் கோயமுத்தூர் போய்விடுவார். அதனால் புதன் களி நாளாயிற்று. பரணில் கிடந்த, களி கிண்டும் துடுப்பை எடுத்துக் கழுவி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அம்மா போவாள். எனக்கும் பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி வந்துவிடும். முதல் புதன்கிழமை அம்மா ஈரக் கையால் களியை உருட்டி வட்டிலில் வைத்தபோது காஞ்சி அதையே பார்த்தாள். விரலால் ஒரு விள்ளல் கிள்ளினாள். சாற்றில் தோய்த்தாள். வாயில் போட்டு, மெல்லாமல் அப்படியே விழுங்கினாள். அடுத்த விள்ளல், அதற்கடுத்தது. களியை மென்று தின்பவனை எங்கள் பக்கத்தில் அயலூர்க்காரன் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மலைக்கு அப்பாலிருந்து வந்த இவளோ ஒரு முறைகூட மெல்லவில்லை. "பாருங்க, முழுங்கறா! இவ நம்மூட்டுப் புள்ளெதானுங்க" என்றாள் அம்மா. அந்த 'நம்மூட்டுப் புள்ளெ' எனக்குச் சுருக்கென்றது. கூர்க்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு அந்த அறையில் சமையல் பாடம் நடந்தது. இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை நாக்குதான். கூர்க்கா தக்காளியைத் தணலில் சுட்டு, பூண்டு, மிளகாயோடு 'டிம்முர்' என்று ஊரிலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த கறுத்த மிளகு மாதிரி ஒன்றையும் வைத்து அம்மியில் அரைப்பார். முதல் தடவை அதைத் தின்றபோது என் நாக்கு மரத்துப் போய்விட்டது. நாக்கு போய்விட்டது என்று நான் தெருவுக்கே கேட்கும்படி அழுதேன். நாக்கில்லாமல் எப்படிக் கத்துகிறாய் என்று அம்மா கேட்டாள். பயம் போனதும் அது இல்லாமல் களி இறங்க மாட்டேன் என்றது. குந்துருக் என்று புளித்த கீரைச் சருகு ஒன்றும் வைத்திருந்தார். வெங்காயத்தோடு தாளித்துக் கொதிக்கவிட்டால் அந்தச் சாற்றின் புளிப்பு காதுவரை ஏறும். அது தீர்ந்துபோனதும் அம்மா தானே செய்து பார்த்துவிடுவது என்று இறங்கினாள். முள்ளங்கிக் கீரையை வாடவிட்டு, நசுக்கி, பானையில் அழுத்தி மூடி, கம்பெனி மொட்டைமாடியில் வெயிலில் வைத்தாள். ஆறாம் நாள் கீழே மிசின்காரர்கள் பெருச்சாளி செத்துக் கிடக்கிறது என்று துணிப் பேல்களையெல்லாம் நகர்த்தித் தேடினார்கள். அம்மாவும் கூட நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு தேடினாள்.

இவ்வளவு சந்தோஷத்திலும் எனக்கு ஒரு குறை. காஞ்சிக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'ஆமா'. அதையும் அம்மாவைப் பார்த்துத்தான் சொல்வாள். காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் அம்மாவைக் கண்டதும் "ஆமா!" களி வைத்தால் "ஆமா." தலை வாரிவிட்டால் "ஆமா." கேள்வியே கேட்காமல் இவள் எதற்கு ஆமா போடுகிறாள்? அம்மாவும் அந்த ஒரு வார்த்தைக்கு உருகி, "என்ன சாமி, என்ன கண்ணு" என்று ஓடுவாள். இப்படி ஆமாம் போட்டே என் அம்மாவைக் கைக்குள் போட்டுக்கொள்கிறாள் என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆமாஞ்சாமி என்று பட்டப்பெயர் வைத்தேன். அதுவும் போதாமல், பெரியவர்களிடம் வெறும் ஆமா சொல்வது மரியாதையில்லை என்று அவள் காதைப் பிடித்துத் திருகிப் பாடம் எடுத்தேன்.

"ஆமாங்கன்னு சொல்லோணும். எங்கே, சொல்லு."

மூன்று நாளில் கற்றுக்கொண்டாள். அம்மாவைப் பார்த்து முதல் தடவை "ஆமாங்க!" என்றபோது அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு இன்னும் எரிந்தது.

ஒரு நாள் என் சிலேட்டுப் பலப்பம் காணாமல் போயிற்று. புதுசு, முழுசு. காஞ்சியைச் சுவரோடு நிறுத்தி, "நீதான எடுத்தே?" என்று கேட்டேன். மறுபடியும் கத்திக் கேட்டேன். "ஆமாங்க! ஆமாங்க!" என்று வீறிட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அவளே ஒத்துக்கிட்டா, நீயே கேட்டீல்ல?" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவளோடு உள்ளே போய்விட்டாள். திருடியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனதை என்னால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அம்மா புதன்கிழமையானா கூர்க்கா ஊட்டுல களி கிண்டறாங்க." மறுநாள் என் பள்ளிக்கூடப் பையின் கிழிந்த உள்துணிக்குள் பலப்பம் அகப்பட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னதைத் திரும்ப வாங்கவும் வழி தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை அப்பா கோயமுத்தூர் போவதாகச் சொல்லிக் கிளம்பி, பதினோரு மணிக்குத் திரும்பி வந்தார். தகர அறையின் வாசலில் அவர் நிழல் விழுந்தபோது அம்மா கையில் துடுப்பு இருந்தது. வட்டிலில் களி, கிண்ணத்தில் குந்துருக் சாறு. கூர்க்கா எழுந்து கைகூப்பினார். "தப்பு என் மேலே சாப். நாங்க போயிடறோம். நாளைக்கே போயிடறோம்."

நான் கேட்டது அதுவல்ல. அம்மா எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா யாரையும் பார்க்காமல் களியையே பார்த்துக்கொண்டு, "ஆரு இதைக் கிண்டச் சொன்னது?" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அடி எனக்கு விழுமோ அம்மாவுக்குத் திட்டு விழுமோ என்ற பயத்தில், "இவதாங்க கேட்டா" என்று காஞ்சியைக் காட்டிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

அப்பா அவள் முன்னால் குனிந்தார். மீசையை அவ்வளவு பக்கத்தில் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். "நீதான் களி வேணும்னு கேட்டியா?"

காஞ்சி அவருக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். "ஆமாங்க!"

அப்பாவின் மீசை ஆடியது. "அட! 'ங்க' போட்டுப் பேசுதே இது!" என்றார். "எந்த ஊருப் புள்ளெ, நம்மளாட்டவே பேசுது பாரு!" சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்த வாயோடு கோபப்படுவது அவருக்குக் கைவராது. அப்படியே தரையில் உட்கார்ந்து, "மாவு வெந்திருக்குதா?" என்று ஒரு விள்ளல் கிள்ளினார். சாற்றில் தோய்த்து விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது உருண்டையை அவரே எடுத்துக்கொண்டார். மூன்றாவதுக்கு வட்டிலை நீட்டியபோது, "இந்த நாத்தச் சாறு இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். பெருச்சாளி எங்கே செத்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கும்.

டார்ஜிலிங் பயணம் நின்றுபோனது. காஞ்சியை என் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார்கள். புதன்கிழமைக் களி எங்கள் வீட்டு அடுப்புக்கே வந்தது. அப்பா மிசின்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கூர்க்காவின் தக்காளித் துவையலை அவர்கள் நாக்கில் வைத்து வேடிக்கை பார்ப்பார். நானும் காஞ்சியும் ஒரே வட்டிலில் சாப்பிடுகிற அளவுக்கு ஆகிவிட்டோம். அவள் தமிழ் எழுதப் படிக்கக் கற்று, என்னைவிட நன்றாகப் பேசினாள். ஆனாலும் அம்மாவை மட்டும் கடைசிவரை அந்தப் பழைய 'ஆமாங்க' போட்டே கூப்பிட்டாள். குழந்தைப் பழக்கம் போகவில்லை என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிப்பாளே தவிர, திருத்த மாட்டாள்.

கல்யாணமாகி, எனக்கே நாற்பது தாண்டிய பிறகு, பக்கத்துக் கம்பெனிக்கு ஒரு நேபாளக் குடும்பம் வேலைக்கு வந்தது. ஒரு நாள் அவர்கள் குழந்தை தெருவில் கால் தடுக்கி விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஆமா! ஆமா!" என்று கத்தியது. உள்ளேயிருந்து அதன் தாய் ஓடிவந்தாள். நான் கையிலிருந்த பையோடு அப்படியே நின்றுவிட்டேன். சுவரோடு சாய்ந்து நின்ற காஞ்சி கண்ணுக்குள் வந்தாள். அன்று அவள் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

நேரே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியுமே கண்ணு. அந்தப் புள்ளெ மொதல்ல களி முழுங்குச்சே, அன்னைக்கு நீ அந்தப்பக்கம் போனதீமே கூர்க்கா சொல்லிப்போட்டாரு. சொல்ல முடியாமச் சொன்னாரு."

"இத்தன வருசமா ஏம்மா எங்கிட்டச் சொல்லலெ?"

அம்மா கீரையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா, அப்படிக் கூப்புட உட்டிருப்பியா நீயி?"

விட்டிருக்க மாட்டேன்.