இடக்கைத் தனகோட்டி

சிவந்த உளியைத் தண்ணீரில் முக்கி எடுத்ததும், தனகோட்டி அதைக் காதருகே பிடித்துச் சுண்டிப் பார்ப்பார். ஓசை பிடிக்காவிட்டால் மறுபடியும் உலையில் செருகிவிடுவார். கல் உடைக்கிறவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அசைய மாட்டார். "பதம் வரலப்பா. வந்தாதான் குடுப்பேன். போய் டீ சாப்ட்டு வா." சுத்தியல் எப்போதும் இடது கையில். துருத்திச் சக்கரம் சுற்றுவது மனைவி குஞ்சம்மாள். செஞ்சி பஸ் நிலையத்தை ஒட்டிய புளியமரத்தடியில் இவர்கள் கொல்லுப் பட்டடை.

இந்தத் தொழிலை அவர் ஒளித்து வைத்திருந்த காலமும் உண்டு.

தொலைவில் ஒரு கல்குவாரி. அப்பா வாங்கிய முன்பணத்துக்காகச் சிறு வயதிலேயே அங்கே உலை முன்னால் உட்கார வைக்கப்பட்டவர் தனகோட்டி. எவ்வளவு அடித்தும் கடன் குறையவில்லை. வெளியே போகவும் விடவில்லை. அறுபத்திரண்டாம் வருஷம் ஒருநாள், வெடி வைக்கிற விசில் ஊதியதும் எல்லோரும் ஒரு பக்கம் ஒதுங்க, புருஷனும் பெண்டாட்டியும் மறுபக்கம் ஒதுங்கி, அப்படியே நடையைக் கட்டினார்கள். செஞ்சிக்கு வந்து மணிலாக்கொட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினார். கொல்லர் என்று தெரிந்தால் பிடித்துவிடுவார்கள் என்பதால் வாயே திறக்கவில்லை.

அது வெளியே வந்தது குவாரி மேஸ்திரி சுந்தரமூர்த்தி வாயாலேயேதான். தேடி வந்தவர் டீக்கடையில் அடையாளம் சொன்னார்: "இடது கையால அடிப்பான். அவன் பதம் வெச்ச உளி லேசுல மழுங்காது. அவன் போனதுலேந்து எங்களுக்கு வேலையே ஓடல."

கிணறு வெட்டும் காண்டிராக்டர் அன்வர் பாஷா அங்கே இருந்தார். பக்கத்துச் சிங்கவரத்தில் அவர் எடுத்த கிணற்று வேலை பாறையில் முட்டி, உளிகள் மழுங்கி நின்றிருந்தது. மண்டியில் இடது கையால் மூட்டைக்குக் கொக்கி போடும் ஆள் நினைவுக்கு வந்தார். மேஸ்திரியிடம் தெரியாது என்று சொல்லிவிட்டு நேரே மண்டிக்குப் போய், உலை போடச் சொன்னார். வருகிறவர்களுக்குத் தான் பதில் சொல்வதாகவும் சொன்னார். தனகோட்டி பயந்து மறுத்தார். குஞ்சம்மாள்தான் முடிவு சொன்னது: "போடலாம். பிடிக்கிறவன் பட்டடையில வந்து பிடிக்கட்டும்."

பட்டடை போட்ட சேதி குவாரிக்குப் போய், பிடிக்கவும் வந்தார்கள், மேஸ்திரியும் இரண்டு ஆட்களும். தனகோட்டி உலை முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. "நைனா வாங்கினதுக்கு என் பாதி ஆயுச குடுத்துட்டேன். இனிமே வர மாட்டேன்" என்றார். காத்திருந்த கிணற்று ஆட்கள் கையில் உளியோடு எழுந்து நின்றார்கள். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில்தான் இருக்கிறது, எல்லோரும் போய்ப் பேசலாம் என்றார் பாஷா. வந்தவர்கள் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அன்று சாயந்திரம் தனகோட்டி வயிறார இரண்டு முறை சாப்பிட்டாராம்.

சில மாதம் கழித்து மேஸ்திரி மறுபடி வந்தார், தனியாக. சாக்குப் பையிலிருந்து மழுங்கிய உளிகளை எடுத்து நீட்டினார். "முதலாளி அனுப்பிச்சாரு. கொஞ்சம் சீக்கிரமா அடிச்சிக் குடுங்க."

தனகோட்டி நிமிர்ந்து பார்த்தார். உளிகளைக் கையில் வாங்கவில்லை. தரையில் சிங்கவரத்து ஆட்களின் உளிகள் வரிசையாகக் கிடந்தன. இடுக்கியை நீட்டி அந்த வரிசையின் கடைசியைக் காட்டிவிட்டு, சக்கரத்தைச் சுற்றச் சொல்லிக் குஞ்சம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார்.