நாயகம் அண்ணையும் ஐந்து கைகளும்

ஞாயிறு காலை நாயகம் அண்ணையின் மனைவி ரோசா அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். நெஞ்சு நோகுது எண்டவர், அம்புலன்ஸ் வாறதுக்கிடையிலை எல்லாம் முடிஞ்சுது." என் வாயில் வந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "இண்டைக்கு மட்ச் எல்லோ அக்கா?" என்று கேட்டேன்.

மரியநாயகம் அண்ணையை ஜெர்மனியில் எங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழருக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பகலில் ஆஸ்பத்திரிச் சமையலறை, மாலையில் எங்கள் புறநகர் உதைபந்தாட்டக் கழகத்தின் சிவப்புச் சாம்பல் பரப்பிய மைதானம். பதினான்கு வருடமாகத் துணைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளரை இடையில் நிறுத்தினால் அணியை அண்ணையிடம் கொடுப்பார்கள். அடியில் கிடந்த அணியை அவர் மேலே ஏற்றிவிடுவார். உடனே புதிதாக ஒரு ஜெர்மன்காரர் வந்துவிடுவார். மூன்று தடவை இப்படி நடந்தது. "கறி கொதிக்குமட்டும் அகப்பை என்ரை கையிலை. இறக்கிற நேரம் வேறை ஆள் வந்திடுவான்" என்று சிரிப்பார்.

முதல் தடவை, உரிமம் இல்லை என்றார்கள். அகராதியும் கையுமாக இருந்து படித்து உரிமம் எடுத்தார். அடுத்த தடவை, அவருடைய ஜெர்மன் போதாது என்றார்கள். அந்த ஜெர்மனில்தானே பெடியள் வென்றார்கள்! மூன்றாம் தடவை காரணம் சொல்லவும் ஒருவரும் மினைக்கெடவில்லை. புதிதாக வந்தவர் அண்ணையை மைதானம் கூட்டுபவர் என்று நினைத்து, கழிப்பறைப் பூட்டின் திறப்பு எங்கே என்று கேட்டார். அண்ணை திறப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு விளையாட்டுக்காரனின் குறை நிறையையும் அவருக்கு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோவம் வரேல்லையோ அண்ணை?" என்றேன். "வந்தது. அதை வச்சு என்ன செய்யிறது? பெடியளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?" என்றார்.

உலகக் கிண்ணம் எங்கள் நகரத்துக்கே வந்திருந்த கோடையில் அந்தப் பதவி மறுபடி காலியானது. இந்தமுறை அண்ணை எழுத்தில் விண்ணப்பித்தார். கழக நிர்வாகத்தில் ஐந்து பேர். கூட்டக்குறிப்பு எழுதும் நான் ஒருவன்தான் தமிழன். "நல்ல மனிதர்தான், ஆனால் தலைமைப் பயிற்சியாளராக அவரை யார் மதிப்பார்கள்?" என்றார் தலைவர். இன்னொருவரின் பெயரைச் சொல்லி, சம்மதமானவர்கள் கை உயர்த்தலாம் என்றார். நான்கு கைகள் உயர்ந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நம்மவர் தோற்றால் எங்கள் எல்லோருக்கும் பெயர் கெடும் என்று மனதுக்குள் ஒரு சாட்டுச் சொன்னேன். உண்மையில் தனித்து நிற்கப் பயந்தேன். ஐந்தாவது கை என்னுடையது.

எங்கள் கழகத்தில் கூட்டக்குறிப்பை உடைமாற்றும் அறைக்கு வெளியே பலகையில் ஒட்டவேண்டும். நானே எழுதினேன், நானே ஒட்டினேன். மறுநாள் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஒருமனதாக எண்டு போட்டிருக்கு."

"ஓம் அண்ணை."

"சரி. மழை வரப்போகுது, பந்துகளை உள்ளை எடுப்பம்."

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒன்றாகத்தான் திரிந்தோம். அவர் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்போம், கேட்போம் என்று நானும் நாளைக் கடத்தினேன். பாவி, கேட்கவேயில்லை.

அடக்கத்தன்று தலைவர் பேசினார். எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த துணைப் பயிற்சியாளர் என்றார். சவப்பெட்டிக்குள் வைத்தும் அவரைத் துணை என்றுதான் சொன்னார்கள். மறுகிழமையே தலைமைப் பதவி மறுபடி காலியாகி, இன்னொருவர் வந்துவிட்டார், அதே மாதிரி ஒருவர். இங்கே ஒன்றும் மாறப்போவதில்லை. மாறும் என்று அண்ணை நம்பிய அந்த ஒரு தடவையையும் கெடுத்தவன் நான்.

அன்று அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் ரோசா அக்கா என் கையைப் பிடித்தார். "இவர் எப்பவும் சொல்லுவார் தம்பி, அண்டைக்கு அஞ்சு பேரிலை நீங்கள் ஒராள்தான் தன்ரை பக்கம் நிண்டனீங்கள் எண்டு. அந்த ஆறுதலோடைதான் இருந்தவர்." நான் அழுதுகொண்டு "ஓம் அக்கா" என்றேன்.

அக்கா, அது பொய். எனக்காக அண்ணை உங்களிடம் சொன்ன பொய். அவருடையது என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். இன்று இதை எழுதி, அதையும் உங்களிடம் திருப்பித் தந்துவிட்டேன்.