கூர் மழுங்காத சிவப்புப் பென்சில்

அந்தச் சிவப்புப் பென்சில் இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது. தொண்ணூறுகளில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில் இருந்த பல் வைத்தியசாலையில் வேலை செய்தேன். சூத்தைப் பல்லை டொக்டர் சொல்லச் சொல்ல, அவரவர் அட்டையிலுள்ள பல் படத்தில் சிவப்புப் புள்ளி வைப்பது என் வேலை. மாதத்துக்கு ஒரு பென்சில் கட்டையாகிவிடும். புள்ளி கூடினால் வருமானமும் கூடும். அடைக்கிற பல்லுக்குத்தானே காசு!

டொக்டர் வெடுக்கென்று பேசும் பெண்மணி. அவருக்கு அது பொறுக்கவில்லை. "சனத்தின்ரை பல்லுப் பழுதானால்தான் எனக்குச் சோறு எண்டால், உது என்ன தொழில்?" என்று ஒருநாள் கையுறையைக் கழற்றி எறிந்தார். அடுத்த கிழமையே ஒரு புதுத் திட்டத்துக்கு இருபது குடும்பங்களைப் பிடித்துவிட்டார். மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் போதும். சூத்தை வந்தால் அடைப்பது அவர் செலவு, வராவிட்டால் அவருக்கு லாபம். வைத்தியசாலையின் சொந்தக்காரர் ஒரு வருடம் தவணை கொடுத்தார். அதன்பின் அந்தக் குடும்பங்கள் திரும்பச் சேராவிட்டால் திட்டமும் இல்லை, டொக்டருக்கு அங்கே இடமும் இல்லை.

அந்த இருபது குடும்பங்களுக்கென்று தனியாக ஒரு புதுப் பென்சில் சீவினேன். ஐயோ, அந்த வருடம் நாங்கள் பறந்த பறப்பு! சீனித் தேத்தண்ணியைப் போத்தலில் கொடுத்துக் குழந்தையைப் படுக்கவைக்கும் வீடுகளுக்கெல்லாம் டொக்டரே போன் எடுத்தார். "வெறும் தண்ணியை ஊத்திக் குடுங்கோ. அழட்டும், ரெண்டு நாளில மறந்திடும்." ஒவ்வொரு பிள்ளையும் வாயைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "ஒண்டுமில்லை" என்று அவர் சொன்னால் எனக்குத் துள்ளவேண்டும் போலிருக்கும்.

வருடம் முடிய ஒரு மாதம் இருந்தது. டாக்சி ஓட்டும் அண்ணை ஒருவர் குடும்பத்தோடு வந்து பொரிந்து தள்ளினார். "மாசா மாசம் காசு கட்டிறன் தங்கச்சி, ஒரு பல்லுக்கூட அடைக்கேல்லை, புடுங்கேல்லை. சும்மாவோ வாங்கிறியள்? அடுத்த வருசம் நாங்கள் இல்லை." காத்திருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு வந்ததே கோபம்! பல்லு நன்றாக இருக்கிறதென்று சண்டைக்கு வந்த மனிதரை அன்றைக்குத்தான் கண்டேன்.

டொக்டர் அந்த அண்ணையின் கடைக்குட்டியின் பழைய அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஒரே சிவப்பு. "இது திட்டத்துக்கு முந்தின வருசம், அண்ணை. பிள்ளை எத்தினை நாள் பள்ளிக்கூடம் போகேல்லை?" அண்ணை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவிதான், "இரவிரவா அழுதவள்" என்றார். பிறகு இந்த வருட அட்டை. புதிதாக ஒரு புள்ளியும் இல்லை. "உதுக்குத்தான் காசு."

அண்ணை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மகளை வாயைத் திறக்கச் சொல்லி ஒருமுறை எட்டிப் பார்த்தார். "அப்ப என்ரை தம்பியின்ரை குடும்பத்தையும் எழுதுங்கோ" என்றார். நான் கைதட்டியே விட்டேன்!

இருபதும் திரும்பச் சேர்ந்தன. அன்று டொக்டர் அந்தத் தனிப் பென்சிலை என் கையில் வைத்து, "இதை நீர் வைச்சிரும்" என்றார்.

இப்போது பக்கத்து நகரான அஜக்ஸில் வேறொரு பல் வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். இங்கே அடைக்கிற பல்லுக்குத்தான் காசு. சூத்தையைக் கணினியில் ஒரு தட்டில் சிவப்பாக்குகிறேன். எத்தனை தட்டினாலும் எதுவும் தேய்வதில்லை. இடைக்கிடை கைப்பையைத் திறந்து பென்சிலைப் பார்ப்பேன். ஒரு வருடம் முழுக்கக் கையில் வைத்திருந்த பென்சில், இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வராமல் போன வலியெல்லாம் அதற்குள் அப்படியே இருக்கிறது.