வேணி கம்பெனி பஸ் ஏறிய காலை

கூட்டேரிப்பட்டில் காலை ஆறு பத்துக்குச் செருப்புக் கம்பெனி பஸ் நிற்கும். அதில் நான்கு வருஷமாக ஒரு ஜன்னலோரச் சீட்டு வேணியுடையது. சண்டை போட்டுப் பிடித்த சீட்டு. பக்கத்தில் அன்புச்செல்வி. கம்பெனியிலும் இருவருக்கும் அடுத்தடுத்த தையல் மெஷின். வேணி கல்யாணமாகித் திண்டிவனத்தில் குடிபோன பிறகும் அதே பஸ்தான், ஏறும் இடம் மட்டும் மாறியது. வேணி வாய் ஓயாதவள். அவள் பேச ஆரம்பித்தால் சூப்பர்வைசரே நின்று கேட்பார், பிறகு தன் பதவி ஞாபகம் வந்து திட்டுவார்.

வளைகாப்பு முடிந்து கூட்டேரிப்பட்டில் அம்மா வீட்டுக்கு வந்தாள். அப்போதும் பேச்சு நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அன்புச்செல்வி போன் போடுவாள், கம்பெனிக் கதை எல்லாம் வந்து சேரும். சுகப்பிரசவம், பெண் குழந்தை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா சின்னபொண்ணு செய்த முதல் காரியம், மகளின் காதில் பஞ்சை அடைத்துத் தலையில் துணியைக் கட்டியது. இரண்டாவது காரியம், போனைப் பிடுங்கிக் கேப்பை டின்னுக்குள் வைத்து மூடியது.

"பச்ச ஒடம்புடி. இப்ப போன் பாத்தா கண்ணு பூத்துப்பூடும். நாப்பது நாளு கழிச்சி எடுத்துக்க" என்றாள்.

மருமகன் சித்தார்த்தனுக்கும் அதே உத்தரவு போனது. வானூர்க்காரன், ஜேசிபி ஓட்டுகிறவன். அத்தனை பெரிய வண்டியை அசைக்கிறவனுக்கு மாமியார் பேச்சை அசைக்கத் தெரியவில்லை. மாமியாரின் பட்டன் போனில் கூப்பிட்டு, "நல்லா இருக்காளா? புள்ள நல்லா இருக்குதா?" என்று கேட்டு, "இருக்குதுப்பா" என்ற பதிலோடு திருப்தியாகி வைத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வருவான். பிளாஸ்டிக் சேரில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கிளம்புவான். மாமியார் வீட்டில் ராத்தங்கினால் ஊர் சிரிக்கும் என்பது அவன் பயம்.

கம்பெனிப் பெண்கள் வராததற்கும் காரணம் இருந்தது. வெறுங்கையை வீசிக்கொண்டு போய்ப் பிள்ளையைப் பார்ப்பதா? எல்லாரும் சேர்ந்து ஒரு வெள்ளி அரைஞாண் வாங்கிக்கொண்டு மொத்தமாகப் போகலாம் என்று முடிவானது. அரைஞாணா கொலுசா என்ற வழக்கு பஸ்ஸில் முடிந்தபாடில்லை. அன்புச்செல்விக்கு வேறு கோபம். முப்பது மெசேஜ் போட்டும் ஒன்றுக்கும் பதில் இல்லை. சரி, இவளுக்கு இனி நாமெல்லாம் எதற்கு என்று முறுக்கிக்கொண்டு விட்டுவிட்டாள்.

இப்படி எல்லாரும் அவரவர் வழியில் மரியாதையாக நடந்துகொண்டதில், வேணிக்குப் பேச ஒரு ஆள் இல்லாமல் போனது.

இருபதாம் நாளுக்குப் பிறகு சின்னபொண்ணும் கடலைக் காட்டுக்கு மல்லாட்டை பிடுங்கப் போக ஆரம்பித்தாள். வெயில் ஏறுவதற்குள் வேலை நடக்க வேண்டும், விடியும்போதே கிளம்புவாள். அதற்குப் பிறகு அந்த ஒற்றை அறையில் வேணியும் குழந்தையும் மட்டும். பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், தூளியை ஆட்டினாள். எல்லாவற்றையும் கை செய்தது. மனசில் ஒன்றுமே ஊறவில்லை. டின்னைத் திறந்து போனை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. குழந்தை அழுதால் அடுத்த தெருவில் யாரோ அழுவது போல் இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பாசம் வராதவள் என்ன தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டு அழுவாள். அம்மா வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொள்வாள். இதைப் போய் யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் காறித் துப்ப மாட்டார்களா? தூக்கமும் விட்டுப்போயிற்று. நாம் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை நன்றாக வளரும் என்ற நினைப்பு ஒருநாள் வந்தது. அப்புறம் தினம் வந்தது.

முப்பத்து நான்காம் நாள் காலை. அம்மா காட்டுக்குப் போய்விட்டாள். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. வேணி எழுந்தாள், கதவைச் சாத்தினாள், ரோட்டுக்கு நடந்தாள். ஐந்து நிமிஷ நடை. பஸ் வந்து நின்றது, ஏறிவிட்டாள்.

நைட்டி, தோளில் துண்டு, காதில் பஞ்சு, காலில் செருப்பில்லை. செருப்புக் கம்பெனி பஸ்ஸில் செருப்பில்லாமல் ஏறியவளைப் பார்த்து முன்சீட்டில் யாரோ சிரிக்கப் பார்த்து, முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். ஜன்னலோரம் அன்புச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து இடம் விட்டாள்.

அன்புச்செல்வி முகத்தைத் திருப்பாமலே ஆரம்பித்தாள். "இன்னாடி, இப்பதான் கண்ணு தெரிஞ்சிச்சா? எத்தினி மெசேஜ் போட்டேன், ஒண்ணுக்காச்சும் பதில் சொன்னியா?"

"போன அம்மா எடுத்து வெச்சிட்டாங்க."

அந்தக் குரல் சரியில்லை. அன்புச்செல்வி திரும்பிப் பார்த்தாள். "புள்ள எங்கடி?"

"தூளியில தூங்குது."

"யாரு பாத்துக்கிறா?"

வேணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் வேலைக்கு வர்றேன் அன்பு. எனக்கு அங்க இருக்க முடியல. அந்தப் புள்ளய பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணல. யாரு ஊட்டுப் புள்ளயோ மாதிரி இருக்குது. நான் செத்துப் போயிட்டா அதுக்கு நல்லதுன்னு தெனம் தோணிகினே இருக்குது."

பஸ் நகர்ந்து பாலத்தைத் தாண்டியிருந்தது. அன்புச்செல்வி எழுந்து, "அண்ணே, வண்டிய நிறுத்துங்க, எறங்கணும்" என்றாள். ஆறு மாசம் ஒரு நாள்கூட லீவு போடாதவர்களுக்குக் கம்பெனி ஒரு ஹாட்பாக்ஸ் கொடுக்கும். அவளுக்கு இன்னும் நான்கு நாள்தான் பாக்கி. தன் செருப்பைக் கழற்றி வேணிக்குப் போட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து இறங்கி, தார்ரோட்டில் வெறுங்காலோடு திரும்பி நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்கு. பாதி தூரம் ஓடினாள்.

குழந்தை முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள். புத்தி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "பால் குடு. நான் பக்கத்துலயேதான் இருக்கேன்" என்றாள். பிறகு சின்னபொண்ணுக்குப் போன் போட்டாள்.

சின்னபொண்ணு கையெல்லாம் மண்ணாக ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "எந்தக் காத்து கருப்பு அடிச்சிச்சோ. மந்திரிச்சித் தாயத்து கட்டணும்" என்று புலம்பினாள்.

"தாயத்து அப்பால கட்டிக்கலாம் அத்தை. ஜல்தி கெளம்புங்க, மொதல்ல நர்சம்மாவ பாத்துட்டு வருவோம்."

சுகாதார நிலையத்து நர்சம்மா குழந்தையைத் தராசில் போட்டு எடுத்தார். எடை நன்றாக ஏறியிருந்தது. அதோடு விடாமல் வேணியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். தூக்கம் வருகிறதா? காரணமில்லாமல் அழுகை வருகிறதா? உனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றியதா? வேணிக்கு நம்ப முடியவில்லை. தன் ஒருத்திக்குத்தான் என்று பூட்டி வைத்திருந்ததை எல்லாம் இந்த அம்மா எப்படி வரிசையாகக் கேட்கிறார்? அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"இது நோவும்மா. ஜுரம் மாதிரி இதுவும் ஒரு நோவு. புள்ள பெத்த நெறைய பேருக்கு வரும், மருந்து சாப்ட்டா சரியாப் போவும். உன் மேல தப்பில்ல" என்றார் நர்சம்மா.

"கண்ணு போயிடக்கூடாதுன்னு போனகூட குடுக்காமதான் வெச்சிருந்தேன்" என்றாள் சின்னபொண்ணு, சின்னக் குரலில்.

"போன்ல பேசினா கண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. பேச ஆளே இல்லாம உடக்கூடாதும்மா. இனிமே இவள ஒரு நேரமும் தனியா உடாதீங்க."

அன்றைக்கே திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். சித்தார்த்தன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு வானூரில் வேலை நடந்த இடத்திலிருந்து வந்தான். மனநல டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டான். வெளியே வந்ததும் வேணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்காளான்னு உங்க அம்மாவத்தான் கேட்டேன், உன்ன ஒரு நாளும் கேக்கல" என்று அழுதான். அன்று மாமியார் வீட்டில் தங்கியவன் ஒரு மாசம் அங்கிருந்துதான் வேலைக்குப் போனான். வாசலில் உட்கார்ந்து குழந்தைத் துணி துவைத்தான். வீட்டோட மாப்பிள்ளை என்று தெரு சிரிக்கத்தான் செய்தது. சிரித்தவர்கள் யாரும் துவைக்க வரவில்லை.

மாத்திரை சாப்பிட்டதும் எல்லாம் மாறிவிடவில்லை. முதலில் தூக்கம் வந்தது. பிறகு பசி. அன்புச்செல்வியின் மதிய போன் பழையபடி வந்தது. மூன்றாவது வாரம் சூப்பர்வைசர் கதை ஒன்றுக்கு வேணி சிரித்துவிட்டாள். ஆனால் குழந்தையை மட்டும் யாராவது கொடுத்தால்தான் வாங்குவாள். ஒரு பயம் உள்ளே இருந்தது. மற்றதெல்லாம் சரியாகி, பாசம் மட்டும் வராமலே போய்விட்டால்?

ஒரு மத்தியானம் சின்னபொண்ணு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நீ பொறந்தப்ப எனக்கும் இப்பிடித்தான் இருந்திச்சி."

வேணி நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்ன வரப்புல கெடத்திட்டு அப்பிடியே எங்கனாச்சும் போயிடலாம்னு தோணும். ரெண்டு வாட்டி கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வந்தேன். உங்கப்பாகிட்டகூட சொல்லல. நோவுன்னு யாருக்குத் தெரியும்? நான்தான் கெட்டவள்னு நெனச்சிகினு இருந்தேன்."

வேறு சமயமாக இருந்தால் இந்தப் பேச்சு மகளைக் குத்தியிருக்கும். வேணிக்கு மாறாக மூச்சு லேசானது. பதினொன்றாம் வகுப்பில் காலொடிந்தபோது அவளை முதுகில் சுமந்து பஸ் ஏற்றிய அம்மா இவள். நேற்றுவரை வாயில் ஊட்டிவிட்ட அம்மா. இவளுக்கும் முதலில் பாசம் வரவில்லையா?

"அப்பறம் எப்பம்மா சரியாச்சி?"

சின்னபொண்ணு கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே போட்டு யோசித்தாள். "எப்பன்னு தெரியல. ஒரு நாளு உனக்கு இருமல் வந்திச்சி. உன்ன தோள்ல போட்டுகினு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினேன். அப்பதான், அட, இது என் புள்ளன்னு தெரிஞ்சிது."

குழந்தை கொட்டாவி விட்டுப் புரண்டது. வேணி தலைத்துணியை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"குடும்மா, நான் வெச்சிக்கிறேன்" என்றாள்.