மூன்று கிழமைக் கணக்கு

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுப்பது என் தொழில். அவர்கள் தேர்வன்று மட்டும் பயப்படுகிறார்கள், நான் அட்டவணையைக் கையில் கொடுத்த நிமிடத்திலிருந்தே பயப்படுகிறேன். வர்ணப் பேனாவால் கட்டம் கட்டமாகப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, பிறகு அந்தச் சுவர்ப்பக்கமே பார்க்காமல் நடமாடியவர் நீங்கள் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

ஒரு நாள்கூட மிச்சமில்லை

பிரெஞ்சு பேசும் இந்த வெளிநாட்டு நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், தெப்பனூர் என்று இங்கே சொல்கிற ஒரு சின்ன மளிகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் டியூஷன் நிலையம். அங்கே வந்தவள் நித்யா. மதுரைக்காரி, ஐ.டி. கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் எம்.பி.ஏ. இடம் கிடைக்காவிட்டால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கோட்டைவிட்டவள். இரண்டாம் முறைக்குச் சரியாக நாற்பத்தொன்பது நாள் இருந்தது.

யாழ்ப்பாணத்துக்காரி நான், எனக்குத் தெரிந்த தமிழில் எழுதிக் கொடுத்தேன்: கணக்கு மூன்று கிழமை, வாசிப்பு இரண்டு கிழமை, தரவு இரண்டு கிழமை. விரல் விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு நித்யா சொன்னாள்: "ஏழு கிழமையும் கரெக்டா வந்துடுச்சுக்கா. ஒரு நாள்கூட மிச்சமில்ல."

வாஷிங் மெஷினும் தரவும்

அவள் அறைத்தோழிக்கு எப்போதும் டி.வி. ஓட வேண்டும். அதனால் நித்யா கட்டடத்தின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் அறையில் போய் உட்கார்ந்து படித்தாள். ஒரு மெஷின் ஓடி முடிவதற்குள் ஒரு செட் கேள்வி. துவைக்கத் துணி இல்லாத நாளில் துவைத்ததையே மறுபடி போட்டாள்.

பதின்மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை, தரவுக் கேள்வி ஒன்றில் சந்தேகம் என்று போன் செய்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கே முடியவேண்டிய நாள் வரவில்லை, பெண் அதற்குள் தரவுக்குப் போய்விட்டாள். எங்கள் கணக்கு ஆசிரியர் ரவி அண்ணையிடம் போய்ப் பெருமையடித்தேன். அவர் கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "அவ்வளவு கெதியா ஓடுறா எண்டா, பிள்ளை, ஒருக்காச் சோதிச்சுப் பாரும்."

திங்கட்கிழமை

இருபத்தோரு நாள் முடிந்த மறுநாள், கணக்குப் பகுதி முழுவதற்கும் ஒரு சோதனை வைத்தேன். பாதிக்கு மேல் வெள்ளைத்தாள். "நித்யா, இதெல்லாம் நேற்றோட முடிஞ்சிருக்க வேணுமே?" என்று கேட்டேன். அவள் பையிலிருந்து அட்டவணையை எடுத்து நீட்டினாள். நான் எழுதியதற்குக் கீழே தன் கையெழுத்தில் நாள் பிரித்திருந்தாள். திங்கள், செவ்வாய், புதன் கணக்கு. வியாழன், வெள்ளி வாசிப்பு. சனி, ஞாயிறு தரவு. மூன்று கிழமை, இரண்டு கிழமை, இரண்டு கிழமை.

எங்களுக்குக் கிழமை என்றால் ஏழு நாள், ஒரு முழு வாரம். அவளுக்குக் கிழமை என்றால் ஒரு நாள். இதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு சொல்லால் கெடுத்துவிட்டேனே என்றிருந்தது. அவள் அட்டவணையைத் திருப்பி வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ திங்கட்கிழமைன்னா உங்களுக்கு என்னக்கா?"

விகிதம்

அன்றைக்கே மூன்று புது அட்டவணை போட்டு, மூன்றையும் கிழித்தேன். நாலாவதைத் தொடங்கும்போது நித்யா பேனாவை வாங்கிக்கொண்டாள். "நீங்க நெனச்ச மாதிரின்னா மூணு வாரம், இருபத்தோரு நாள் கணக்கு. நான் படிக்கிற மாதிரின்னா வாரத்துல மூணு நாள், ஏழு வாரம், அதே இருபத்தோரு நாள். பாதிக்கு மேல தெரியலன்னா, இன்னும் பாதிக்கு மேல நாளும் இருக்குக்கா."

அது சரிதான். ஆனாலும் தேர்வு நாள்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று தேர்வு நிலையத்துக்குப் பக்கத்து மெட்ரோ வாசலில் நின்றேன். வெளியே வந்த நித்யாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிட்ட வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுதி முடித்ததுமே கணினித் திரையில் மதிப்பெண் வந்துவிட்டது; கல்லூரி கேட்டதற்குக் கொஞ்சம் மேலேயே எடுத்திருந்தாள். "இப்போதைக்குப் பெட்டி கட்ட வேண்டாம்க்கா," என்றாள். நான் அழுதுவிட்டேன், அதில் வெட்கமில்லை. திரும்பி வந்து ரவி அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ பாஸ். உமக்குத்தான் பிள்ளை, மூண்டு கிழமை விகிதக் கணக்கு வேணும்," என்றார்.

இப்போதெல்லாம் கிழமையும் வேண்டாம் வாரமும் வேண்டாம் என்று அட்டவணையில் மாதமும் நாளுமாகத் திகதியை மட்டும் எழுதுகிறேன், அடுத்த மதுரைக்காரி "திகதின்னா என்னக்கா?" என்று கேட்கும்வரை நிம்மதி.