மச்சான் எண்ணெய் பூசிய சக்கரம்

என் அக்காவின் கணவருக்குத் தோட்டம் துரவு இருந்தது, சீமையிலிருந்து வந்த சைக்கிள் இருந்தது, மூளை மட்டும்தான் இல்லை. தினமும் காலையில் சக்கரத்தின் ரிம்முக்குத் தேங்காயெண்ணெய் பூசிப் பளபளவென்று துடைப்பார். சங்கிலிக்கு ஒரு சொட்டு விடமாட்டார். அது யார் கண்ணிலும் படாதாம்.

ஜேடர்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம்.

"ஏனுங்க மச்சான், பிரேக்குக் கட்டை புடிக்கறதே ரிம்முலதானுங்க. எண்ணெய் இருந்தா வழுக்கிருமுங்க" என்றேன்.

"சீமை வண்டிக்கு நீ வைத்தியம் சொல்றயா? பேசாம வா மாப்ள."

ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில், எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. மச்சான் பிரேக்கை அழுத்தினார். சைக்கிள் நிற்கவில்லை. பட்டு வேட்டியோடு பக்கத்துக் கரும்புக் காட்டுக்குள் பாய்ந்தார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் ரத்தம் வழிய, வண்டிக்காரரிடம் அவர் முதலில் சொன்னது இதுதான்:

"இவன் பேசிப் பேசியே எம்பட கவனம் போச்சுங்க!"

கல்யாணப் பந்தலில் கதையையே மாற்றிவிட்டார். அந்நியச் சாமானை நம்பினால் இந்தக் கதிதான் என்று முழங்கினார். அடுத்த வாரமே சைக்கிளை விற்றுவிட்டுக் கதர் உடுத்தத் தொடங்கினார். ஊரார் அவரைத் தேசபக்தர் என்று கும்பிட்டார்கள். அக்காவின் முகத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.