நாக்கில் ஒட்டாத கல்

முதாசிர் அண்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "கல்லை நக்குறாரு" என்றுதான் எங்கள் தெருவில் பதில் வரும். பொய் இல்லை. பம்மலில் பழைய தோல் கிடங்கு ஒன்றில் நடக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால், மெஷின் ஈரமண்ணை நூல் நூலாகப் பிழிந்து, அடுக்கு மேல் அடுக்காக அந்தப் படத்தைக் கட்டி எழுப்பும். மண்ணோடு ஜவ்வரிசி மாவு கலந்திருப்பார்கள். சூளையில் மாவு எரிந்து போக, அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாகிவிடும். அந்தக் கல்லில் வாசனை எண்ணெய் ஊற்றினால் மொத்தத்தையும் குடித்துவிட்டு, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மணக்கும். காரில் தொங்கவிட வாங்கிப்போகிறார்கள்.

கல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நாக்குதான் கருவி. நுனிநாக்கை வைத்தால் கப்பென்று பிடிக்க வேண்டும். பிடித்தால் குடிக்கும். வழுக்கினால் குப்பை.

அவருடைய வாப்பா மைதீன் பிச்சைக்கு இந்த வேலையில் மரியாதையே இல்லை. தாம்பரம் மார்க்கெட் பக்கம் அத்தர் விற்றவர் அவர். நாலைந்து எண்ணெயைக் கலந்து தனக்கென்று ஓர் அத்தர் வைத்திருந்தார். என்ன கலவை என்று பெற்ற மகனிடமும் சொன்னதில்லை.

"என்ஜினியரிங் படிக்க வச்சேன். மண்ணுல இடியாப்பம் புழியறான்," என்பார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

"தேங்காப்பால் ஊத்தட்டா வாப்பா?" என்பார் அண்ணன்.

அவர்களுக்குள் கொஞ்சல் என்றால் அதுதான்.

போன மழைக்காலத்தில் வாப்பா மவுத்தானார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அந்த அத்தரில் மிஞ்சியது ஒரே ஒரு குப்பி. அதிலும் அடியில் கொஞ்சம். அண்ணனின் உம்மா சித்திகா ஆன்ட்டி தினமும் மூடியைத் திறந்து கணவரை மோந்து பார்த்துவிட்டு மூடுவார். திறக்கத் திறக்க அவரும் குறைந்துகொண்டே வந்தார்.

"உம்மா, இப்படியே போனா காத்துலயே போயிடும். கல்லுல ஊத்திடலாம். உள்ள புடிச்சு வச்சுக்கும்," என்றார் அண்ணன்.

"உன் இடியாப்பத்துலயா?"

"அதுலதான்."

ஆன்ட்டி குப்பியை முந்தானையில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "வீணாப் போச்சுன்னா திரும்பக் கலக்க ஆள் இல்லடா," என்றார். அதற்குப் பெயர்தான் சம்மதம்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கல். இரண்டு பக்கமும் 'மைதீன் பிச்சை' என்று புடைத்த எழுத்து. அண்ணன் அதைப் பிழிந்து காயவைத்துச் சூளைக்குக் கொடுத்தார்.

சூளையைப் பார்த்துக்கொள்வது லோகநாயகி அக்கா. பெயரைப் படித்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. வாசனைக் கல் லேசாகச் சுட்டது, கை தவறினால் சில்லு சில்லாகிவிடும். வயசான அம்மா கையில் இருக்கப்போகிற பொருளாயிற்றே. அதனால் அதை மட்டும் தனியே எடுத்து, டீக்கப் சுடும் பெரிய சூட்டில் வைத்துவிட்டார். அந்தச் சூட்டில் மண் இறுகும். ஓட்டையெல்லாம் மூடிக்கொள்ளும். அன்பில் அக்காவுக்கு அது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் கல்லைக் கையில் கொடுத்து, "வாப்பா பேராச்சேன்னு ஸ்பெஷலா வச்சேன். கீழ போட்டாலும் உடையாது," என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் பழக்க தோஷத்தில் கல்லை வாய்க்குக் கொண்டுபோனார். அங்கே வாப்பா பெயர் இருந்தது. திருப்பினார். அந்தப் பக்கமும் அதே பெயர். பெற்றவர் பெயரில் எச்சில் படலாமா? கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்ததும், தட்டில் கல்லை வைத்தார்கள். ஆன்ட்டி பிஸ்மில்லா சொல்லிக் குப்பியைக் கவிழ்த்தார்.

அத்தர் எழுத்துகளின் மேல் மணி மணியாக நின்றது. பிறகு உருண்டது. கல்லின் விளிம்பில் வழிந்து, தட்டில் ஓடி, ஆன்ட்டி பதறித் தூக்கியதில் தட்டு சாய்ந்ததும் டைல்ஸ் தரையில் இறங்கியது.

"குடிக்கலியேடா…"

"கொஞ்ச நேரம் ஆவும் உம்மா," என்றார் அண்ணன். ஆகாது என்று அவருக்குத் தெரியும்.

ஆன்ட்டி முட்டிபோட்டு உட்கார்ந்து முந்தானையால் தரையை ஒற்றி ஒற்றி எடுத்தார். வீடு முழுக்க மைதீன் பிச்சை வந்து உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டில் எங்கள் சோற்றில்கூட அந்த வாசனை. இருட்டுவதற்குள் மெலிந்து, மறுநாள் புடவையில் மட்டும் நின்றது. ஆன்ட்டி அந்தப் புடவையைத் துவைக்காமல் பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்தார். இப்போது அதிலும் பிளாஸ்டிக் வாசனைதான் வருகிறது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் அண்ணன் அந்தக் கல்லை எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முறைத்துப் பார்க்க, வாப்பா பெயரில் நாக்கை வைத்தார்.

வழுக்கியது.

பட்டறைக்குள் நுழைந்ததும் லோகநாயகி அக்கா ஓடிவந்தார். "இன்னா சொன்னாங்க அம்மா?"

"அழுதுட்டாங்கக்கா."

"பின்ன, அழ மாட்டாங்களா? புருஷன் பேராச்சே! நான் வச்ச சூடு அப்படி."

அப்போதுதான் அண்ணனுக்கு எல்லாம் விளங்கியது. சொல்ல வாயைத் திறந்தார். அக்கா முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"ஆமாக்கா. உடையவே உடையாது."

அன்றைக்கு ஆறிய கற்கள் தட்டில் இருந்தன. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். கப்பென்று பிடித்துக்கொண்டது. பெயர் இல்லாத, யாருடைய காரிலோ தொங்கப்போகிற கல். அதைப் பிய்த்து எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றிருந்தார்.